கிர்கிஸ்தானில் வழிகாட்டியோடு பைக் பயணம்: வேலூர்ப் பக்கத்தில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

போன வருடம் ஜூலையில் நானும், குடியாத்தம், ஆற்காட்டைச் சேர்ந்த நண்பர்கள் இருவரும் கிர்கிஸ்தானுக்குப் போய்ப் பத்து நாள் பைக் ஓட்டிவிட்டு வந்தோம். எனக்கு வயது 49. காட்பாடியில் சின்னதாக ஒரு எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். பெரிய ரைடர் எல்லாம் கிடையாது. அதிகபட்சமாக வேலூரிலிருந்து கொடைக்கானல் போய் வந்திருக்கிறேன், அவ்வளவுதான். ஊர் திரும்பிய நாளிலிருந்து கடைக்கு ஸ்விட்ச் வாங்க வருபவர் முதல் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் வரை ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன்.

கிர்கிஸ்தானா? டாக்டருக்குப் படிக்கப் போவார்களே, அந்த ஊரா?

அதே ஊர்தான். நம் பக்கத்துப் பிள்ளைகள் எம்பிபிஎஸ் படிக்கப் போகும் பிஷ்கெக் அதன் தலைநகரம். 1991 வரை சோவியத் யூனியனில் இருந்தது. வடக்கே கஜகஸ்தான், கிழக்கே சீனா, மேற்கே உஸ்பெகிஸ்தான், தெற்கே தஜிகிஸ்தான். கடல் கிடையாது. பரப்பளவில் தமிழ்நாட்டைப்போல ஒன்றரை மடங்கு, ஆனால் மொத்த ஜனமே எழுபது லட்சத்துச் சொச்சம்தான். மீதி இடம் முழுக்க மலை, தியான் ஷான் மலைத்தொடர். கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தால் போதும், தூக்கம் கெடாது.

அதற்கு லடாக் போகலாமே?

போகலாம். தாராளமாகப் போங்கள். லடாக்கில் மலை இன்னும் உயரம், செலவும் குறைவு. ஆனால் சீசனில் அங்கே கணவாய்க்குக் கணவாய் போட்டோ எடுக்க வரிசை நிற்கிறது. கிர்கிஸ்தானில் பல நாட்களில் எங்கள் கூட்டத்தைத் தவிர எதிரே வந்ததெல்லாம் குதிரைகள்தான்.

வழிகாட்டியோடு போவது என்றால் சரியாக என்ன? பஸ் டூர் மாதிரியா?

பஸ் டூரில் உட்கார்ந்தால் போதும். இதில் ஓட்டுவது நீங்கள்தான். சுமை மட்டும் அவர்களுடையது.

எங்கள் கூட்டத்தில் ஒன்பது வண்டிகள். முன்னால் உள்ளூர் வழிகாட்டி, கடைசியில் அவருடைய ஆள் ஒருவர். முன்னால் போவதை லீட் என்றும் கடைசியில் வருவதை ஸ்வீப் என்றும் சொல்வார்கள். ஸ்வீப்புக்குப் பின்னால் ஒரு வேன். அதில் எங்கள் பைகள், டியூப், லீவர், கேபிள், கருவிகள், ஒரு உபரி பைக், சமையல்காரப் பெண்மணி.

வழி தவறாமல் இருக்க ஒரு முறை வைத்திருந்தார்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. சாலை பிரியும் இடம் வந்தால் லீடுக்கு அடுத்து வருபவர் அங்கேயே ஓரமாக நின்றுவிட வேண்டும். பின்னால் வரும் ஒவ்வொருவருக்கும் கையைக் காட்டி வழி சொல்ல வேண்டும். ஸ்வீப் வந்து சேர்ந்ததும் இவர் கிளம்பி அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த பிரிவில் அடுத்தவர். இப்படி ஆள் மாறி மாறி முன்னுக்கும் பின்னுக்கும் வருவார்கள். யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை. உங்கள் வேகம் நாற்பது என்றால் நாற்பதில் போகலாம், வளைவில் ஒருவர் உங்களுக்காக நின்றுகொண்டுதான் இருப்பார். போட்டோ எடுக்க நின்றாலும் கவலையில்லை.

ஒரே ஒரு விதி: நிற்கச் சொன்ன இடத்தைவிட்டு நகரக் கூடாது. எங்கள் கூட்டத்தில் புனேக்காரர் ஒருவர் வெயிலாக இருக்கிறதென்று ஐம்பது மீட்டர் தள்ளி மர நிழலில் போய் நின்றார். இரண்டு பேர் நேராகப் போய்விட்டார்கள். அவர்களைத் தேடிப் பிடிக்க ஒன்றரை மணி நேரம்.

நமக்குத்தான் வண்டி ஓட்டத் தெரியுமே, மேப் இருக்கிறதே. வழிகாட்டிக்கு எதற்குக் காசு?

நானும் இதைத்தான் நினைத்தேன். பணம் கட்டிய பிறகும் உள்ளுக்குள் ஒரு முனகல் இருந்தது. "கைப்பிடித்துக் கூட்டிப்போக நாம் என்ன குழந்தையா?"

நான்காம் நாள் அந்த முனகல் நின்றது. கல்மாக் அஷூ என்று ஒரு கணவாய், 3,400 மீட்டருக்கு மேல். தார் கிடையாது, ஜல்லி. இறக்கத்தில் வளைவு திரும்பினால் சாலை முழுக்கச் செம்மறி ஆடுகள். நம் ஊர்ப் பழக்கத்தில் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தேன். வண்டி கீழே, நான் அதன் பக்கத்தில். வேகம் இருபதுகூட இருக்காது, அடி ஒன்றுமில்லை. ஆனால் பிரேக் லீவர் பாதியில் முறிந்துவிட்டது. சுற்றிலும் ஆடு, மலை, மேகம். போனில் ஒரு புள்ளி சிக்னல் இல்லை.

தனியாக வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வேன் வந்தது. பத்து நிமிடத்தில் புது லீவர் மாட்டியாகிவிட்டது. வழிகாட்டிக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். அவர் திட்டவில்லை, பாடமும் எடுக்கவில்லை. என் வலது கையை ஹேண்டில் பாரிலிருந்து எடுத்தார். நாலு விரலில் மூன்றை மடக்கினார். ஆள்காட்டி விரலை மட்டும் லீவர்மேல் வைத்து, பூனையைத் தடவுவதுபோல மெதுவாக ஒரு தட்டு தட்டிக் காட்டினார். பிறகு என் வலது காலைத் தட்டிப் பின் பிரேக்கைக் காட்டினார். முப்பது வருடமாக வண்டி ஓட்டுகிறேன், இதை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

அவருக்குக் கொடுக்கும் காசு வழி காட்டுவதற்கு மட்டுமில்லை. எந்த ஓடையில் காலையில் தண்ணீர் குறைவு, எந்த மேகம் மழையாகும், எந்தக் கூடாரத்தில் இன்றைக்கு இடம் இருக்கும், இதெல்லாம் மேப்பில் கிடையாது.

நம் வண்டியையே கொண்டுபோக முடியாதா?

பத்து நாளுக்கு அது வேண்டாத வேலை. தரை வழி என்றால் பாகிஸ்தான் அல்லது சீனா குறுக்கே நிற்கிறது. சீனாவுக்குள் நம் வண்டி போக அரசு அனுமதியும் கூடவே அவர்கள் வழிகாட்டியும் வேண்டும். பாகிஸ்தான், ஈரான் போன்ற நாடுகளுக்கு கார்னே என்கிற சுங்க உத்தரவாதச் சீட்டு எடுத்து, பெரிய தொகையைப் பிணையாகக் கட்ட வேண்டும். ஆறு மாதம் லீவு போட்டு உலகம் சுற்றுபவர்களுக்கு அது சரி. எனக்குக் கடை இருக்கிறது.

அங்கே என்ன வண்டி தருவார்கள்? எனக்குக் கால் எட்டுமா?

இந்தக் கேள்வியைப் பலரும் கூச்சத்தோடு கடைசியில் கேட்பார்கள். இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அந்தப் பக்கம் வாடகைக்கு விடும் வண்டிகளில் சுசூகி டிஆர் 650 போன்ற வெளிநாட்டு வண்டிகளும் உண்டு, நம் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனும் உண்டு. ஒப்பிட்டுப் பாருங்கள்: ஸ்ப்ளெண்டர் சீட் உயரம் 785 மில்லிமீட்டர். கிளாசிக் 350 என்றால் 805. பழைய ஹிமாலயன் 411 வெறும் 800. புது ஹிமாலயன் 450 சீட்டைத் தாழ்த்தி வைத்தால் 825. டிஆர் 650 எவ்வளவு தெரியுமா? 885. ஸ்ப்ளெண்டரைவிடப் பத்து சென்டிமீட்டர் அதிகம். தார் ரோட்டில் இது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஜல்லிச் சரிவில் நிறுத்தி, ஒரு கால் ஊன்றப் பார்த்து, கால் காற்றில் தொங்கும்போதுதான் அந்தப் பத்து சென்டிமீட்டரின் அருமை தெரியும்.

நான் ஐந்தடி ஐந்து அங்குலம். ஹிமாலயன்தான் வேண்டும் என்று முன்பதிவின்போதே எழுதிக் கேட்டு வாங்கினேன். ஒரகடம் பக்கம் செய்த வண்டியை மத்திய ஆசியாவில் போய் வாடகைக்கு எடுத்தாயா என்று என் மைத்துனர் இன்னும் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

உயரத்தில் வண்டிக்கும் மூச்சு வாங்கும். 3,000 மீட்டரில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் எழுபது சதவீதம்தான், இன்ஜின் சக்தியும் அந்த அளவுக்குக் குறையும். ஏலகிரி ஏறும்போது மூன்றாம் கியரில் போகிற ஏற்றத்தை அங்கே இரண்டாம் கியரில் போக வேண்டியிருக்கும். வண்டி பழுது என்று பயப்பட வேண்டாம்.

லைசென்ஸ்? நம் ஊர் கார்டு செல்லுமா?

அதோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் முகவரி எந்த ஆர்டிஓ அலுவலகத்தில் வருகிறதோ அங்கே எடுக்க வேண்டும். படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். பாஸ்போர்ட் நகல், லைசென்ஸ், போட்டோ போன்றவற்றைக் கேட்பார்கள். 2019இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகு பலருக்கு முகவரிக் குழப்பம் இருக்கிறது. லைசென்ஸில் வேலூர் மாவட்டம், ஆதாரில் ராணிப்பேட்டை என்று இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

அதைவிடப் பெரிய தலைவலி இனிஷியல். லைசென்ஸில் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகக் குடும்பப் பெயர் கட்டத்தில். நமக்கு இரண்டும் ஒரே ஆள். வெளிநாட்டுப் போலீஸ்காரருக்கு இரண்டு ஆள். என் நண்பருக்கு இதனால் மூன்று வாரம் போயிற்று. அனுமதிச் சீட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் வருகிறதா என்று கவுன்ட்டரைவிட்டு நகர்வதற்கு முன்பே பாருங்கள்.

இன்னொன்று. இந்தியா தருவது 1949ஆம் வருட ஜெனீவா ஒப்பந்தப்படியான சீட்டு. வியட்நாம் போன்ற நாடுகள் 1968 வியன்னா ஒப்பந்தச் சீட்டை மட்டும்தான் ஏற்கின்றன. அங்கே பைக் ஓட்டிவிட்டு வந்த நம் ஆட்கள் பலர் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியவர்கள்தான். கிர்கிஸ்தான் 1949 ஒப்பந்தத்திலும் இருக்கிறது. வேறு நாடு போவதென்றால் அந்த நாடு எந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

கியர் வண்டிக்கான அனுமதி லைசென்ஸில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். சொல்லத் தேவை இருந்தது. ஸ்கூட்டி லைசென்ஸை வைத்துக்கொண்டு புல்லட் ஓட்டுபவர்கள் சத்துவாச்சாரியிலேயே எத்தனை பேர்!

பாஸ்போர்ட், விசா?

பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்கட்டும். புதுப்பிக்கச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை, வேலூரிலேயே அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. விசா இணையத்திலேயே எடுக்கலாம், டூர் நடத்துபவர்கள் அதற்கான அழைப்புக் கடிதம் போன்றவற்றில் உதவுவார்கள். சீன எல்லையை ஒட்டிய கெல்-சூ ஏரி போன்ற இடங்கள் உங்கள் திட்டத்தில் இருந்தால் தனியாக எல்லைப் பகுதி அனுமதி வேண்டும். அதை அவர்களே முன்கூட்டி எடுத்து வைப்பார்கள்.

அங்கே வலது பக்கம் ஓட்ட வேண்டுமாமே, பயமாக இல்லையா?

நெரிசலில் பயமில்லை. முன்னால் போகிற வண்டியைப் பார்த்துப் போய்விடுவோம். ஆபத்து எப்போது என்றால், ரோடு காலியாக இருக்கும்போது. டீ குடித்துவிட்டு, பெட்ரோல் போட்டுவிட்டு, போட்டோ எடுத்துவிட்டு வண்டியைக் கிளப்புவோம் பாருங்கள், அந்த ஒரு நொடியில் கை தானாக இடது பக்கம் போகும். நரின் என்ற ஊரில் பங்கிலிருந்து வெளியே வந்து நூறு மீட்டர் இடது பக்கமாகவே போய்விட்டேன். எதிரே ஒரு லாரி, நல்லவேளையாகத் தூரத்தில்.

கார் என்றால் ஸ்டியரிங் இருக்கும் பக்கமே ஞாபகப்படுத்தும். பைக்கில் அப்படி எதுவும் இல்லை. எலக்ட்ரிக்கல் கடைக்காரன் புத்தி, பையில் இன்சுலேஷன் டேப் இருந்தது. அன்றைக்கு ராத்திரியே இடது பக்கக் கண்ணாடியில் சிவப்பு டேப்பை ஒரு சுற்றுச் சுற்றினேன். கணக்கு இதுதான்: ரோட்டின் நடுப்பகுதி எப்போதும் சிவப்பு டேப் பக்கம் இருக்க வேண்டும். மறுநாள் காலையில் மற்ற எட்டுப் பேரும் டேப் கேட்டார்கள்.

இடது பக்கம் திரும்பும்போதுதான் எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்கிறோம் என்பதை மனதில் வையுங்கள். ரவுண்டானாவில் நம் ஊருக்கு நேர் எதிர்ச் சுற்று. அப்புறம், அங்கே ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்கள் நிறைய. அவற்றுக்கு ஸ்டியரிங் நம் ஊர் மாதிரி வலது பக்கம். அந்தக் காரில் ஓவர்டேக் செய்பவருக்கு எதிரே வருவது சரியாகத் தெரியாது. உங்களைப் பார்த்திருப்பார் என்று நம்பாதீர்கள்.

போவதற்கு முன் இங்கேயே எங்கே பழகலாம்?

நம் பக்கத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு குறையும் இல்லை. வெயிலைத் தவிர.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் வேகமாக ஏறிப் பழகுவதைவிட, மெதுவாக இறங்கிப் பழகுங்கள். பிரேக்கை நம்பாமல் கியரிலேயே இறங்குங்கள். அடுத்து ஜவ்வாது மலை. ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் வரை ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். அங்கிருந்து உள் கிராமங்களுக்குப் பிரியும் மண் பாதைகளில் பத்து கிலோமீட்டர் போதும். ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று, முழங்காலை லேசாக மடக்கி, ஹேண்டில் பாரைத் தளர்வாகப் பிடித்து ஓட்டுங்கள். முதல் நாள் தொடை நடுங்கும். கூலிக்குப் போகும் அம்மாக்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பரவாயில்லை.

கடைசியாகப் பாலாறு. தண்ணீர் ஓடாத ஆற்றுக்கு இப்படியாவது ஒரு பயன். மாட்டுவண்டி போன மணல் தடத்தில் முதல் கியரில் போங்கள். முன் சக்கரம் தன்பாட்டுக்கு அலையும். அதோடு மல்லுக்கட்டாமல் பார்வையை இருபது மீட்டர் முன்னால் வைத்து, ஆக்ஸிலரேட்டரை விடாமல் போனால் வண்டி நேராகும். பயந்து கீழே சக்கரத்தைப் பார்த்தால் விழுவீர்கள். நான் மூன்று முறை விழுந்தேன். அங்கே விழுவதைவிட இங்கே விழுவது மலிவு.

எந்த வழியாகப் போனீர்கள்?

பிஷ்கெக்கில் தொடங்கி அங்கேயே முடியும் ஒரு பெரிய வளையம், சுமார் 1,400 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 110 முதல் 250 வரை. இதென்ன, காலையில் கிளம்பினால் மத்தியானத்துக்குள் பெங்களூர் போய்ச் சேரும் தூரம்தானே என்பீர்கள். அங்கே அது முழு நாள் வேலை.

முதல் நாள் டோக்மோக் பக்கம் புரானா கோபுரம். பதினோராம் நூற்றாண்டுக் கட்டடம். முதலில் 45 மீட்டர் உயரம் இருந்ததாம், பூகம்பத்தில் இடிந்து இப்போது நிற்பது 25 மீட்டர் அளவுக்குத்தான். பிறகு கோச்கோர், சோங்-குல் ஏரி, நரின், தாஷ் ரபாத், திரும்பி இசிக்-குல் ஏரியின் தென்கரை, கராகோல், வடகரை, பிஷ்கெக்.

இசிக்-குல் ஏரியைப் பற்றி ஒரு வரி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கரையெல்லாம் பனி மலை. ஆனால் குளிர்காலத்திலும் உறையாது. லேசான உப்புத் தண்ணீர். பெயருக்கே "சூடான ஏரி" என்றுதான் பொருள்.

மனதில் நின்றது என்னவோ தாஷ் ரபாத்தான். மூவாயிரம் மீட்டருக்கு மேல் ஒரு பள்ளத்தாக்கில் தனியாக நிற்கும் கல் சத்திரம். பதினைந்தாம் நூற்றாண்டு. பட்டுப் பாதையில் வந்த வணிகர்கள் ஒட்டகம், குதிரையோடு தங்கிப் போன இடம். உள்ளே இருட்டு, நடுவில் குவிமாடம், அதில் ஒரு துளை வழியாக வெளிச்சம் இறங்குகிறது. சுவரைத் தொட்டுப் பார்த்தேன். நம் கோட்டைச் சுவர் மாதிரி பெரிய பெரிய கருங்கல் இல்லை, பலகை பலகையாக அடுக்கிய சின்னக் கற்கள். வெளியே சுட்டெரிக்கும் மலை வெயில், உள்ளே ஜில்லென்று இருந்தது. ஜலகண்டேஸ்வரர் கோயில் மண்டபத்தில் மே மாத மத்தியானம் உட்காரும்போது முதுகில் ஏறுமே, அதே குளிர்ச்சி.

உயரத்தில் மூச்சுத் திணறாதா? எனக்கு பிபி இருக்கிறது.

பிபி, சர்க்கரை, இதயம் எதுவாக இருந்தாலும் உங்கள் டாக்டரிடம் பயணத் திட்டத்தைக் காட்டிக் கேளுங்கள். சிஎம்சி இருக்கும் ஊரில் இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் மருந்து கேட்காதீர்கள்.

திட்டத்தில் பார்க்க வேண்டியது ராத்திரி தூங்கும் உயரம். பிஷ்கெக் சுமார் 800 மீட்டர். சோங்-குல் 3,016 மீட்டர். ஒரே நாளில் அங்கிருந்து இங்கே கொண்டுபோய்ப் படுக்க வைக்கும் திட்டமென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நடுவில் கோச்கோர் போல 1,800 மீட்டரில் ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும். தலைவலி, குமட்டல், பசியின்மை வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். குறையாவிட்டால் கீழே இறங்குவதுதான் வைத்தியம். வேன் இருப்பது அதற்கும்தான். ஆற்காட்டு நண்பர் ஒருநாள் முழுக்க வேனில் படுத்துக்கொண்டே வந்தார், அவர் வண்டியைச் சமையல்கார அம்மாவின் மகன் ஓட்டி வந்தான். யாரும் கேலி செய்யவில்லை. நாங்கள் மட்டும் காட்பாடி வந்ததும் செய்தோம்.

செலவு எவ்வளவு?

விமானம், டூர், வண்டி வாடகை, விசா, இன்சூரன்ஸ், கைச்செலவு எல்லாம் சேர்த்து எனக்கு மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. நாலு வருடச் சீட்டுப் பணம். டூர் தொகைக்குமேல் டிசிஎஸ் என்று ஒரு வரி பிடிப்பார்கள். அது போகிற காசு இல்லை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதால் ஆடிட்டரைக் கேளுங்கள்.

டூரில் பெட்ரோல் சேர்ந்ததா, மத்தியான சாப்பாடு சேர்ந்ததா, வண்டிக்கு முன்பணம் எவ்வளவு பிடித்து வைப்பார்கள், எந்தச் சேதத்துக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். என் லீவருக்குக் கழித்தார்கள், நியாயமான தொகைதான்.

நியாயமில்லாத ஒன்றும் நடந்தது. நாங்கள் பதிவு செய்த நிறுவனம் குடியாத்தம் நண்பருக்குக் கொடுத்த வண்டியின் பின் டயர் மொட்டை. முதல் நாள் காலை உற்சாகத்தில் யாரும் குனிந்து பார்க்கவில்லை. ராத்திரி போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. "நாளைக்கு, நாளைக்கு" என்று இழுத்து நாலாம் நாள்தான் மாற்றினார்கள். சாவி வாங்கும்போதே டயர், செயின், பிரேக் பேட், ஏற்கெனவே இருக்கும் கீறல்கள் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டயர் சரியில்லையென்றால் கிளம்பாதீர்கள்.

இன்சூரன்ஸ் எடுத்தால் எல்லாம் அடங்கிவிடுமா?

அடங்காது. சாதாரணப் பயண இன்சூரன்ஸ் பலவற்றில் பைக் விபத்து விலக்கு. சிலவற்றில் சிசி அளவுக்கு வரம்பு. லைசென்ஸ் செல்லாது என்றால் எதுவுமே கிடைக்காது. விலக்குப் பட்டியலைப் பொடி எழுத்தாக இருந்தாலும் படியுங்கள். மலையிலிருந்து மீட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் செலவு சேர்ந்திருக்கிறதா என்பது முக்கியம்.

எந்த மாதம்? என்ன உடுப்பு?

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. மற்ற மாதங்களில் உயரமான கணவாய்களில் பனி. ஜூலையிலேயே பகலில் டீஷர்ட், ராத்திரியில் உறைநிலைப் பக்கம். வெயிலூரில் பிறந்த உடம்பு, சொல்லவா வேண்டும்.

ஜாக்கெட்டுக்கு நாம் அதிகம் அலைய வேண்டாம். ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி என்று தோல் ஊர்களுக்கு நடுவே இருக்கிறோம். எனக்குத் தெரிந்த தையல்காரர் ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய தோலில் நல்ல கையுறை தைத்துக் கொடுத்தார். ஆனால் தோல் ஜாக்கெட் மட்டும் போட்டுக்கொண்டு போகாதீர்கள். மழையில் நனைந்தால் காய இரண்டு நாள் ஆகும். முழங்கை, தோள், முதுகில் பாதுகாப்பு அட்டை வைத்த துணி ஜாக்கெட், உள்ளே கம்பளி, மேலே மழைக்கோட்டு. கணுக்காலை மூடும் பூட்ஸ். ஹெல்மெட் இங்கிருந்தே கொண்டுபோங்கள், வாடகை ஹெல்மெட்டில் பத்துப் பேரின் வியர்வை.

மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போகலாமா?

தார் ரோட்டில் சரி. ஜல்லிக் கணவாயில் இரண்டு பேருக்கும் சிரமம். அந்த நாட்களில் அவர் வேனில் வரலாம், பதிவின்போதே இடம் சொல்லி வைக்க வேண்டும். "பின்னால் எதற்கு, நானே ஓட்டுகிறேன்" என்று அவர் சொன்னால் இன்னும் நல்லது. எங்கள் கூட்டத்தில் தரமாக ஓட்டியவர் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஓர் ஆசிரியை. ஒருமுறைகூட விழவில்லை.

ராத்திரி எங்கே தங்குவீர்கள்?

ஊர்களில் விருந்தினர் வீடு. ஏரிக்கரையில் யூர்ட், அதாவது மரச்சட்டத்தின்மேல் கம்பளி போர்த்திய வட்டக் கூடாரம். உச்சியில் ஒரு வட்ட வளையம் இருக்கும், அந்த நாட்டுக் கொடியில் இருப்பதும் அதுதான்.

சோங்-குல்லில் முதல் ராத்திரி. குளிரில் பல் தந்தியடிக்கிறது. அந்த வீட்டுப் பாட்டி ஒரு கூடையோடு வந்து இரும்பு அடுப்பைத் திறந்தார். கூடையில் என்ன என்று எட்டிப் பார்த்தால் வறட்டி! சாணி காய்ந்த அதே வறட்டி. அந்த உயரத்தில் மரம் கிடையாது, அதுதான் விறகு. புகை லேசாகப் பரவியதும் எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு. என் பாட்டி வீட்டுச் சமையலறை வாசனை. பாட்டிக்கு வறட்டி தட்டுவதுபோலக் கையால் காட்டினேன். அவரும் சிரித்துக்கொண்டே அதேபோலத் தட்டிக் காட்டினார்.

கழிப்பறை வெளியே, ஐம்பது அடி தள்ளி. டார்ச் தலைமாட்டிலேயே இருக்கட்டும். போன் சிக்னலை எதிர்பார்க்க வேண்டாம், இரண்டு நாள் பேச முடியாது என்று வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள்.

சைவத்துக்கு வழி உண்டா?

கஷ்டம். பட்டினி கிடக்க மாட்டீர்கள், ஆனால் அலுத்துப்போகும். வட்ட ரொட்டி, பாலாடை, ஜாம், தக்காளி வெள்ளரி, முட்டை, உருளைக்கிழங்கு. முன்பே சொன்னால் இறைச்சி போடாமல் செய்து தருவார்கள், சில சமயம் இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டு வைப்பார்கள். பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோங்கள்.

அசைவம் என்றால் ராஜபோகம். ஆட்டுக்கறி, நூடுல்ஸ் போட்ட லக்மான், கொழுக்கட்டை மாதிரி வேகவைத்த மான்ட்டி. கேரட்டும் கறியும் போட்ட பிலாவ் சோறும் உண்டு. ஆம்பூர்க்காரர்களிடம் அதைப் பிரியாணி என்று சொல்லிவிடாதீர்கள், சண்டை வரும். குதிரைக் கறியும் உண்டு. வேண்டாமென்றால் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

குதிரைப் பால் குடித்தீர்களாமே?

குடித்தேன். குமிஸ் என்பார்கள். பெண் குதிரையின் பாலைப் புளிக்க வைத்தது, கோடையில்தான் கிடைக்கும். புகை போட்ட தோல் பையில் வைப்பதால் லேசான புகை மணம். ரொம்பப் புளித்த மோரில் கொஞ்சம் சோடா கலந்து, அடுப்புப் பக்கத்தில் வைத்திருந்த மாதிரி இருந்தது. சின்னப் போதையும் உண்டு. கொடுத்ததை ஒரு வாய் கூடக் குடிக்காமல் திருப்பினால் அவர்கள் முகம் வாடிவிடும், அதனால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் மறுநாள் ஓட்டம் இருந்தால் அரைக் கிண்ணத்தோடு நிறுத்துங்கள். குடியாத்தம் நண்பர் இரண்டு கிண்ணம் குடித்தார். அடுத்த நாள் 110 கிலோமீட்டர் போக எங்களுக்கு ஒன்பது மணி நேரம் ஆனது. வழியில் ஒரு மரம், ஒரு புதர்கூடக் கிடையாது.